இழைப்பு மெஷினும் இலுப்பைத் தண்டும்

பங்குனி பிறந்த அன்றைக்கு உச்சி வேளையில், வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த சங்குமுத்து பட்டறையின் இழைப்பு மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. கரண்ட் கம்பியை வாரியத்துக்காரர்கள் என்றைக்கோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள், மோட்டாரை எவனோ களவாண்டு போயிருந்தான், பெல்ட்டை எலிகள் தின்று தீர்த்திருந்தன, ஆனாலும் ஓடியது, ஓடியதோடு நில்லாமல், தன் ஆயுசில் அது இழைத்துத் தள்ளிய மரம் நெடுங்குறிச்சி ஊருக்குள் எங்கெங்கே கதவாகவும் கட்டிலாகவும் பெஞ்சாகவும் பீரோவாகவும் நின்றதோ, அங்கங்கே அந்த மரத்தையும் கூடச் சேர்த்து இரைய வைத்தது. கருவண்டு ஒன்று மரத்துக்குள் மாட்டிக்கொண்டது போன்ற இரைச்சல். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து முடிக்கிற நேரத்துக்கு இரைந்துவிட்டு ஓய்ந்துபோகும். மறுநாள் உச்சிக்கு மறுபடியும் வரும்.

ஊர் என்றால் அப்படித்தான். முதல் நாள் பூமி நடுங்குகிறது என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மறுநாள் ஓடிவரும்போது சோற்றுத் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் யாரும் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே ரசத்துக்குக் கை நீட்டினார்கள். லைன்மேன் ஒருவர் வந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரண்டு இல்லாம ஓடுதது எங்க டிப்பார்ட்மெண்டுல வராது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வந்தது வந்துவிட்டது, அதைச் சும்மா விடுவானேன் என்று பல்வலிக்காரர்கள் நூலகத்துக் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அழுகிற பிள்ளைகளை எந்த வீட்டுக் கட்டில் இரையுமோ அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கப் போட்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சில் இருக்கும் கிளாசுகளை உச்சிக்கு முன்னாலேயே எடுத்து வைத்தார். 'சங்குமுத்து பட்டறைக் கட்டிலாக்கும்' என்று பெருமையடித்துச் சீர் கொடுத்த கட்டில் ஒன்று இரையாமல் கிடந்ததில் இரண்டு சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இரைகிற சாமான் ஒன்றுமில்லாத வீட்டுக்காரர்கள் கௌரவக் குறைச்சல் தாங்காமல் பக்கத்து வீட்டு முக்காலியை இரவல் வாங்கி வாசலில் போட்டுக்கொண்டார்கள். இரவலும் வாங்காத வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது சொரிமுத்து ஆசாரி வீடு. அங்கே வாசல் கதவிலிருந்து மோர் கடைகிற மத்துவரைக்கும் சொரிமுத்து தன் கையால் செய்தது.

இதெல்லாம் போகட்டும். முப்பிடாதி அம்மன் கோயிலின் வாகனக் கொட்டகைக்குள், வருசா வருசம் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் ஊர்வலம் வருகிற சப்பரம் நிற்கிறது. அதைத் தோளில் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு இலுப்பைத் தண்டுகள். அந்த இரண்டில் இடத் தண்டும் உச்சிக்கு உச்சி இரைந்தது.

"அம்மன் மூச்சு விடுதா, கேளுங்க" என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இடத் தண்டை இழைத்தவர் குத்தாலிங்கம் ஆசாரி. வலத் தண்டை இழைத்தவர் அவருடைய தங்கை ஆவுடையின் புருசன் சொரிமுத்து. "விரதம் காத்தவன் கை பட்ட தண்டு பேசுது, கருவாடு தொட்டவன் தண்டு ஊமையாக் கெடக்கு, பாத்தீளா" என்று கோயில் நிர்வாகி சங்கரபாண்டியன் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கொடை அன்றைக்குக் குத்தாலிங்கம் ஆசாரிக்குப் பரிவட்டம் கட்டுவது என்று முடிவாயிற்று. அதைச் சொல்ல வந்தவர்களிடம் அவர் "எனக்கு எதுக்கு வே அதெல்லாம்" என்றார், வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

அது அடக்கமில்லை, பயம். ஏன் பயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, கதை கேட்கிறவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க வேண்டாம்.

அம்மன் சப்பரத் தண்டுக்கு அந்த ஊரில் இரண்டு கட்டுப்பாடு. இலுப்பை மரத்தைக் கையால்தான் இழைக்க வேண்டும், எந்த மெஷினும் தொடக்கூடாது. இழைத்து முடிகிறவரை இழைக்கிறவர்கள் மாமிசம் தொடக்கூடாது. பழைய தண்டுகள் உளுத்துப்போன வருசம் மைத்துனர்கள் இருவரும் விரதமிருந்து ஆளுக்கொன்றாக இழைக்க உட்கார்ந்தார்கள். சொரிமுத்துவுக்குக் கை வேகம், அவர் தண்டு முடிந்துவிட்டது. குத்தாலிங்கத்துக்கு மணிக்கட்டு வீங்கி இழைப்புளியைப் பிடிக்க முடியவில்லை, கொடையோ நெருங்கிவிட்டது. கேட்டிருந்தால் மாப்பிள்ளை சொரிமுத்து சந்தோசமாக வந்து இழைத்துக் கொடுத்திருப்பான். அந்தச் சந்தோசத்தைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. ஒரு நாள் உச்சி வேளையில், தனக்கு வேலை கொடுத்த பட்டறைக்காரர் சங்குமுத்துவும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தபோது, தண்டைப் பின்வாசல் வழியாக உருட்டிக்கொண்டு போய் மெஷினில் விட்டு எடுத்துவிட்டார். அவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் இழைத்து விழுந்த சுருளைக்கூடக் கூட்டி அள்ளியாகிவிட்டது.

கையால் இழைத்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் இருக்கும், நகத்தை ஓட்டினால்தான் தெரியும். அதில்தான் கயிறு பிடித்து நிற்கும். மெஷின் இழைத்த இடத் தண்டு கண்ணாடியாக இருந்தது, கொடை அன்றைக்குத் தேரடி முக்கு திரும்பும்போது அதன் கட்டு வழுக்கி, பிடிப்பில்லாத சப்பரம் மறுபக்கமாக நகர்ந்து, அம்மன் சிலை வலப்பக்கம், சொரிமுத்துவின் தண்டு மேல் சாய்ந்துவிட்டது. சாமியாடி அந்த இடத்திலேயே அருள் ஏறி, விரதம் கெட்ட கை ஒன்று என் தண்டைத் தொட்டிருக்கிறது என்று கத்தினார். அவர் சொன்னது சரிதான், எந்தக் கை என்பதைத்தான் ஊர் தப்பாகப் பிடித்துக்கொண்டது. அம்மன் எந்தப் பக்கம் சாய்ந்தாள் என்று பார்த்தார்கள். சொரிமுத்துவைக் கருவாட்டுக் கடையில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பார்த்தது உண்மைதான். ஆவுடைக்கு அப்போது மசக்கை, ஒரு துண்டு கருவாடு இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று அழுதாள், மனுசன் துண்டுக்குள் ஒளித்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். தான் ஒரு விள்ளல் தின்னவில்லை. ஊர் கூடி ஆவுடையை நடுவில் நிறுத்திக் கேட்டபோது அவள் "எனக்காவத்தான் வாங்கிட்டு வந்தாவ, என் நாக்குதான் கெட்ட நாக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் குத்தாலிங்கம் நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

சொரிமுத்துவைக் கோயில் வேலைக்குக் கூப்பிடுவது நின்றது, பிறகு வீட்டு வேலைக்குக் கூப்பிடுவதும் நின்றது. அவர் உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டு அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். பிறந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'கருவாட்டுப் பிள்ளை' என்றார்கள். அவளும் வளர்ந்து, வெளியூரில் கட்டிக்கொடுத்துமாயிற்று. ஆவுடை அன்றிலிருந்து கருவாட்டைத் தொடவில்லை, கருவாட்டுக் கடை இருக்கிற தெரு வழியாகவே போவதில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்தால் மட்டும் முகம் மலர்ந்து சோறு போடுவாள், அவர் அதையும் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போவார், தங்கை இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்பாள், போதும் என்பார், அதோடு சரி.

இப்போது அந்தத் தண்டு இரைகிறது. ஊமைத் தண்டுக்காரன் என்று மில்லில் சொரிமுத்துவைக் கேலி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து குத்தாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சங்குமுத்துவின் மகள் செண்பகவடிவு அவரைத் தேடி வந்தது அந்த நாட்களில்தான். பட்டறை இப்போது அவளுடையது.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வந்து மெஷினைப் பாத்துக் குடுங்க. டூ வீலர் மெக்கானிக் ஒருத்தன் கொட்டகையை வாடகைக்குக் கேக்கான். இது இப்பிடித் தன்னால ஓடிட்டுக் கெடந்தா எவன் குடிவருவான்? எங்க அப்பாவுக்கு அப்புறம் இது ஒங்க கைக்குத்தான் பழக்கம்."

போனார். பூட்டுத் திறந்ததும் மெஷின் நின்ற நிலையில் நின்றது. தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரன் தொழிற்சாலையை மூடியபோது ஏலத்தில் எடுத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த மெஷின். பச்சைப் பெயிண்ட் உரிந்து, உடம்பெல்லாம் துரு. ஆனால் மரம் ஓடுகிற மேல் மேசை மட்டும் நேற்றுத் துடைத்தது போலப் பளபளத்தது. குத்தாலிங்கம் மேசையில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கத்தி பூட்டிய உருளையைக் கட்டைவிரலால் தள்ளினார், சத்தமில்லாமல் சுற்றியது. எண்ணெய்க் கிண்ணியைத் திறந்தார், யாரும் ஊற்றாத எண்ணெய் விளிம்புவரை நின்றது. குனிந்து அடியில் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மரமே போடாத மெஷினுக்குக் கீழே சுருள் சுருளாகக் குவிந்து கிடந்தது, அத்தனையும் செம்பழுப்பு நிறத்தில், நீளம் நீளமாக, இலுப்பை. அன்றைக்கு அவர் கூட்டி அள்ளிக்கொண்டு போன சுருள்.

அந்த ஊரில் இலுப்பை அம்மனுக்கென்று விட்ட மரம், எந்தப் பட்டறைக்குள்ளும் வராது.

"இது என்ன மரம் அண்ணாச்சி?" என்றாள் செண்பகவடிவு, ஒரு சுருளை விரலில் சுற்றிக்கொண்டே.

"தேக்குதான். பழைய தேக்கு."

அவள் நம்பிவிட்டாள். அத்தனை வருசத்துக்கு முந்தைய பொய்யைக்கூட வீங்கிய மணிக்கட்டின் மேல் போட்டுவிடலாம், இது இப்போது, நரைத்த தலையோடு, கை கால் சுகத்தோடு சொன்ன பொய். தன்னைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"நிப்பாட்டிற முடியுமா?"

முடியும். இரண்டு கத்தியையும் கழற்றிவிட்டால் அது வெறும் இரும்பு. மெஷின் நின்றால் தண்டும் நிற்கும். தண்டு நின்றால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு மறந்துபோகும். அவருடைய காரியம் அவரோடு சுடுகாட்டுக்கு வந்துவிடும். இத்தனையும் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே அவர் மனதில் ஓடிவிட்டது. திருகாணிகளைக் கழற்றி, கத்திகளை உருவித் துண்டில் சுற்றிக்கொண்டு, "இனி ஓடாது தாயி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் உச்சிக்கு நெடுங்குறிச்சியில் ஒரு மரமும் இரையவில்லை. நூலகத்துக் கதவில் கன்னம் வைத்தவர்கள் கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள், கட்டில்களில் போட்ட பிள்ளைகள் ஊர் கேட்க அழுதன, சம்பந்திகளில் கட்டில் கொடுத்தவர் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஊரே இப்படி ஓய்ந்து கிடந்ததால் அந்த ஒற்றைச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கோயிலில் இடத் தண்டு இரைந்துகொண்டிருந்தது, முன்னைவிடப் பலமாக. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஊர் கோயிலுக்கு ஓடியது. மற்ற மரமெல்லாம் மெஷினோடு போய்விட்டது, அம்மன் தண்டு மட்டும் நிற்கவில்லை, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார் சங்கரபாண்டியன். வீட்டில் பாயில் படுத்திருந்த குத்தாலிங்கத்துக்கும் அந்தச் சத்தம் கேட்டது, காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது.

கொடை அன்றைக்கு உச்சிப் பூசை. கொட்டு முழங்க, குலவை எழும்ப, சப்பரத்தின் முன்னால் குத்தாலிங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டத்தின் கடைசியில், மில்லிலிருந்து தவிட்டுத் தூசியோடு நேராக வந்த சொரிமுத்து நிற்பது தெரிந்தது. வழக்கம்போல வாசலுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு. சங்கரபாண்டியன் பட்டுத் துணியை எடுத்துத் தலையில் வைக்கப் போகும்போது குத்தாலிங்கம் மடியிலிருந்த துண்டை அவிழ்த்து இரண்டு கத்திகளையும் அம்மன் முன்னால் கீழே வைத்தார்.

"இந்தத் தண்டை நான் கையால இழைக்கல. மெஷின்ல விட்டேன். கட்டு வழுக்குனதும் அதனாலதான், அம்மன் சாஞ்சதும் அதனாலதான். விரதத்தைக் கெடுத்தது நான். சொரிமுத்து இல்ல, என் தங்கச்சியும் இல்ல. நான்தான்."

கொட்டு நின்றது. அந்த நிசப்தத்தில் தண்டு இரைய ஆரம்பித்தது. என்ன தண்டனையானாலும் சரி என்று குனிந்து நின்றார். செருப்பு வந்து விழும் என்று நினைத்தார், விழுந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

விழுந்தது குலவைச் சத்தம். "தாயே, மெஷினுக்குள்ளயா போயி இருந்த!" என்று ஒரு பெண் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், அவள் தொடங்கியதும் கூட்டமே தூக்கியது.

"நிமிரும் வே" என்றார் சங்கரபாண்டியன், கண்ணில் தண்ணீரோடு. "அவளுக்கு அந்த மெஷின் மேல ஆசை வந்திருக்கு. அதுக்கு ஒம்ம கையப் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போயிருக்கா. நீரு என்ன செய்வீரு?"

"நான் இத்தன வருசமா மறைச்சுல்லா வச்சேன்? சொரிமுத்து பாவம், அவன்..."

"அது முடிஞ்ச கத. கொடை நேரத்துல அதைப் போயிக் கிளறிக்கிட்டு. தலையக் காட்டும்."

பரிவட்டத்தை முன்னைவிட இறுக்கிக் கட்டினார்கள். கத்திகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அம்மனின் ஆயுதங்களோடு சேர்த்தார்கள். ஆட்கள் அப்போதே பட்டறைக்கு ஓடி மெஷினைக் கடப்பாரை போட்டு நெம்பிக் கோயிலுக்கு இழுத்துவந்து மஞ்சள் துணி சுற்றினார்கள், கொட்டகை காலியான சந்தோசத்தில் செண்பகவடிவு முதல் தேங்காயை உடைத்தாள். அதற்கு இழைப்பம்மன் என்று பேரும் வைத்தாயிற்று. குத்தாலிங்கம் ஆயுசெல்லாம் சுமந்த குற்றத்தை ஊர் ஒரு பூசை நேரத்தில் திருவிளையாடலாக்கி விபூதியோடு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. இறக்கி வைக்க இடமில்லாமல் அவர் திரும்பிப் பார்த்தபோது வாசலில் சொரிமுத்து இல்லை.

தங்கை வீட்டுக்கு நடந்தார். ஆவுடை கோயிலுக்கு வருவதில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணே. தலைக்கட்டோடயே வந்திருக்க? ஒக்காரு, தண்ணி கொண்டாரேன்."

பரிவட்டம் தலையில் இருப்பதே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அவிழ்க்கவும் கை வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், மணிக்கட்டையும், பின்வாசலையும், சுருளையும், மாப்பிள்ளையைக் கேட்கக் கூச்சப்பட்டதையும். முறம் அவள் மடியில் அசையாமல் இருந்தது. சொரிமுத்து உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார், அவர் ஏற்கெனவே வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அன்னைக்கு என்னைய நடுவுல நிறுத்திக் கேட்டாவளே, நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"தெரிஞ்சேவா நின்ன?"

"தெரிஞ்சேதான் நின்னேன் ஆவுடை."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கொடைக் கூட்டம் நெருக்கியடித்த தெரு வழியாகத்தான் போனாள், அத்தனை வருசமாகக் கால் வைக்காத கருவாட்டுக் கடைத் தெருவுக்குப் போனாள், திரும்பி வரும்போது துண்டிலும் மறைக்காமல் முந்தானையிலும் மறைக்காமல் ஒரு நெத்திலிப் பொட்டலமும் பெரிய சீலாக் கருவாடும் கையில் தொங்க, கொட்டுக்காரர்களுக்கு நடுவே புகுந்து வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை மூட்டிச் சட்டியை வைத்து வறுத்தாள். வாசனை வீட்டை நிறைத்துத் தெருவுக்குப் போயிற்று.

இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். ஒன்று சொரிமுத்துவுக்கு, ஒன்று அவளுக்கு. இரண்டிலும் கருவாட்டை அள்ளி வைத்தாள். சொரிமுத்து மைத்துனரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார்.

குத்தாலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் வந்து சோறு தின்னாமல் போன நாள் கிடையாது. தங்கை இன்னொரு தட்டை எடுக்கவில்லை, ஒக்காரு என்று முதலில் சொன்னவள் மறுபடி சொல்லவுமில்லை. எப்போதும்போல அந்த வீட்டு மரம் எதுவும் இரையவில்லை. ஆவுடை ஒரு துண்டை எடுத்து, முள்ளோடு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், அவள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் அது முடிகிறவரைக்கும் போகாமல் நின்று கேட்டார்.